தள்ளிப்போன நாள்கள்

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்தும் மைதானத்து ஓரத்தில் சீமைக்கருவேலம் அப்படியே நிற்கிறது. தலைமையாசிரியையிடம் மறுபடியும் சொன்னேன். ஆள் வரச் சொல்லியிருக்கிறாராம்.

ஹாக்கி அணியில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் போய்விட்டார்கள். கோல் காக்க ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஜெப ரோஸ்லினை நிறுத்திப் பார்த்தேன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. அது போதும். கண்ணைத் திறக்கப் பழக்கிவிடலாம்.

மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தது. நாப்கின் அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் போன பிறகு என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். எனக்கென்று வைத்திருந்த பொட்டலம் சித்திரையிலிருந்து அப்படியே இருக்கிறது. இந்த வருடம் வெயில் அதிகம். உடம்புச் சூடாக இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி விக்டோரியா டீச்சருடையது. அறிவியல் எடுக்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்து, முகத்தையும் கழுத்தையும் கழுவிக்கொண்டு அதில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"உள்ள யாரோ அடுப்பப் பத்தவச்ச மாதிரி இருக்குளா ஒலகு. கொஞ்ச நேரம் எரியும், பொறவு வேர்த்துக் கொட்டும், பொறவு குளிரும். நேத்து எம் மவன் கேக்கான், 'ஏம்மா ஃப்ரிட்ஜத் தொறந்துவச்சிட்டு நிக்கீங்க'ன்னு. என்ன பதில் சொல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் தந்தார். வறுத்துப் பொடித்த ஆளிவிதை. "ஒனக்கும் நாப்பத்தாறு ஆகுதுல்லா? இப்பமே மோர்ல போட்டுக் குடி. எனக்குக் கொஞ்சம் கொணம் தெரியுது."

வீட்டுக்கு வந்ததும் போனில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. டப்பாவை மேல் தட்டில் வைத்துவிட்டேன். எனக்கு இந்த மாதிரிப் பொடிகள் எப்போதுமே ஒத்துக்கொண்டதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சொர்ணம் மதினி வந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா, அடுத்த தெருவில்தான் வீடு. எனக்குப் பிடிக்கும் என்று ஒரு தூக்குவாளி நிறைய எள்ளுருண்டையும், அவர்கள் வீட்டு மரத்துப் பப்பாளியும் கொண்டுவந்தார்.

"முகமே சரியில்லையே. மாறுத வயசு. எனக்கு ரெண்டு வருசம் பாடாப் படுத்திச்சு. கருத்த எள்ளு தின்னா இடுப்புக்கு நல்லது. வெந்தயத்த ஊறப்போட்டுக் காலைல முழுங்கு. ராத்திரி காப்பிய விட்ரு. தின்னுளா, என்ன பாத்துக்கிட்டே இருக்க?"

வயிறு நிறைந்திருக்கிறது, பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். மதினி பப்பாளியைத் தானே நறுக்கித் தட்டில் வைத்தார். நான் தட்டை மெல்ல இவர் பக்கம் நகர்த்தினேன். இவர் என் பங்கையும் சாப்பிட்டு முடித்தார். அக்காவைப் பார்த்து, "அவளுக்கு நேத்துலருந்து தொண்டை கட்டியிருக்கு" என்றார். எனக்குத் தொண்டை கட்டவில்லை.

எள்ளுருண்டையை நாளை ஹாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் குமட்டல். நேற்று வைத்த மொச்சைக் குழம்பாக இருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

பயிற்சிக்கு முன் பிள்ளைகளோடு நானும் மைதானத்தைச் சுற்றி ஓடுவது வழக்கம். இன்று ஓடவில்லை. மூட்டு வலிக்கிறது என்று சொல்லி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு விசிலோடு உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருட வேலையில் காய்ச்சலோடுகூட ஓடியிருக்கிறேன்.

ஜெப ரோஸ்லின் தண்ணீர் குடிக்க வந்தவள், "மிஸ், ஒங்களுக்கு வயசாயிட்டா?" என்று கேட்டாள். மற்றவர்கள் அவளைக் கிள்ளினார்கள்.

"ஆமா மக்கா, ஆயிட்டு" என்றேன். என்னவோ சிரிப்பாக வந்தது. அவர்கள் ஓடும்போது ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

இப்போதெல்லாம் விடிவதற்குள் ஒரு தரம் வேர்த்து எழுந்துவிடுகிறேன். நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறுகிறது சூடு. தலையணை உறை நனைந்துவிடுகிறது. விக்டோரியா டீச்சர் சொல்வது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேறு, எனக்கு வேறு. ஆரம்ப மாதங்களில் உடம்பு கதகதப்பாகவே இருக்கும் என்று முன்பு மதுரையில் சிகிச்சை எடுத்தபோது ஒரு நர்ஸ் சொன்னாள்.

மதுரையைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் தடவை ஒன்றுமே நிற்கவில்லை. இரண்டாம் தடவை சில வாரம் நின்றது. அதுவும் போன பிறகு, பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இவர் சொன்னார், "போதும் ஒலகு. ஒன்னக் குத்திக் குத்தி எடுக்கத என்னால பாக்க முடியல. நமக்கு நாம போதும்."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் மூழ்கிப்போனார். நான் மைதானத்தில். நல்லபடியாகத்தான் இருக்கிறோம். மழை பெய்த சில இரவுகளைத் தவிர, நெருக்கமும் குறைந்து போயிற்று. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் கோடை மழை பெய்தது.

ஜூலை 14, திங்கள்

விக்டோரியா டீச்சர் சும்மா விடவில்லை. சாயங்காலம் தன்னுடைய சித்த மருத்துவரிடம் கூட்டிப்போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் சின்ன மருத்துவமனை. மருத்துவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். டீச்சரைப் பார்த்து முடித்து வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

"பங்குனி உத்திரத்துக்கு முன்னால."

"தூக்கம் எப்படி இருக்கு? படபடப்பு? காரணமில்லாம அழுகை வருதா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், கறுப்பு எள் என்று எழுத ஆரம்பித்தார்.

"டாக்டர், இதெல்லாம் மாசமா இருக்கவங்க சாப்பிடலாமா?"

அவர் பேனா நின்றது. "யாருக்குக் கேக்கறீங்க?"

"எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர். சின்ன வயசு."

சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அவங்க மொதல்ல பரிசோதனை பண்ணி உறுதி பண்ணட்டும். அதுவரைக்கும் நான் எந்த மருந்தும் குடுக்க மாட்டேன். தள்ளிப் போட வேண்டாம்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தெரிஞ்சிக்கறது நல்லதுன்னு சொல்லுங்க."

எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். பால், கீரை, காலையில் நடை, காபியைக் குறைப்பது, மூச்சுப் பயிற்சி. "உங்களுக்கு இப்போதைக்கு இது போதும்."

வெளியே வந்ததும் விக்டோரியா டீச்சர் கேட்டார், "லேகியம் எழுதலையா?" என் உடம்பு சூட்டு உடம்பு, ஒத்துக்கொள்ளாதாம் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் மாதுளம்பழம் வாங்கி வந்தார். கேட்காமலே முத்தை உதிர்த்துக் கிண்ணத்தில் வைத்தார். இரண்டு வாரமாகத் தண்ணீர்க் கேனையும் அவரே மாடிக்குத் தூக்குகிறார். முன்பெல்லாம் நான்தான் தூக்குவேன், "பி.டி. டீச்சர் இருக்க நமக்கென்ன" என்று கேலி பேசுவார். கடையில் வேலை குறைந்திருக்கும் போல.

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிவதற்கும் ஒன்றும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். பள்ளியில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு மதினியோடு செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போனேன். அம்மனுக்குக் கழுத்து முதல் பாதம் வரை வளையல். பச்சையும் சிவப்புமாக, முகம் மட்டும்தான் தெரிந்தது. நெரிசலில் மூச்சு முட்டியது. யாரும் வயிற்றில் இடித்துவிடாதபடி கைப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து வளையல் கொடுத்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவர்களும் முன்னால் போனார்கள். நானும் போனேன். கையை நீட்டினேன். இரண்டு பச்சை வளையல்.

திரும்பி வரும்போது மதினி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் நின்று சொன்னார், "ஒரு காலத்துல நான் கெஞ்சிக் கூப்பிட்டேன், நீ வரல. இப்பம் நின்னு போற காலத்துல எதுக்குளா கைய நீட்டுத? சின்னஞ்சிறுசுக பின்னால நிக்குதுகள்லா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மதினிக்கு அப்படித்தான் பேச வரும். என் கல்யாணத்தில் எனக்குக் கண்ணில் மை இட்டவர் அவர்தான்.

பள்ளிக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தேன். வளையலைக் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சாத்தூருக்குப் போய்வந்தேன். கோவில்பட்டியில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் எதிரில் என்னிடம் படித்த பிள்ளையோ அதன் அம்மாவோ நிற்கும். சாத்தூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் கடையைத் தாண்டிப் போனேன். இரண்டாவது கடையில் கூட்டம். மூன்றாவதில் வயதானவர் ஒருவர் மட்டும் இருந்தார். கேட்டதை எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், "மகளுக்கு" என்று.

"நல்லது நடக்கட்டும்மா" என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் 'மகள்' என்ற அந்த வார்த்தை வாயில் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

பொட்டலம் கைப்பையில் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டுமாம். காலையில் எங்கே நேரம் இருக்கிறது? போட்டி வேறு நெருங்குகிறது. முடியட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டலப் போட்டி. கால் இறுதி. ஜெப ரோஸ்லின் கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு பந்தைத் தடுத்தாள். நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன். எதிர் அணிப் பிள்ளை ஒருத்தி ஓங்கி அடித்த பந்து கோணலாகக் கிளம்பி நேராக என்னைப் பார்த்து வந்தது.

ஹாக்கிப் பந்து எனக்குப் புதிதல்ல. மாநில அணியில் ஆடியவள் நான். முகத்துக்கு வந்தால் குனிவேன், காலுக்கு வந்தால் துள்ளுவேன். இன்று இரண்டும் செய்யவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்து தோள்பட்டையில் பட்டது. கையில் ஒரு வளையல் நொறுங்கியது.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "மிஸ், மிஸ்" என்று தூக்கினார்கள். துணைக்கு வந்திருந்த விக்டோரியா டீச்சர் எல்லோரையும் விலக்கிவிட்டு என்னை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார். தோளைப் பார்க்கவில்லை. நான் இன்னும் பொத்தியிருந்த கையைத்தான் பார்த்தார்.

"எத்தன மாசம்னு நெனச்சிட்டிருக்க?"

கையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"சொல்லுளா."

"நாலு."

அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். என் கையில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"இல்ல டீச்சர். பாத்தா..."

"புதங்கிழம தின்னவேலி போவோம். எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் இருக்காங்க. நானும் வாரேன்."

வெளியே பிள்ளைகள் கத்துவது கேட்டது. ஜெயித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பள்ளி. நாளைக்கான அணிவகுப்பு ஒத்திகை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். அணிவகுப்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மிட்டாய் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவர் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கக் கழுகுமலைப் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் நான் மட்டும். துணி துவைத்து, அரிசி புடைத்து, அலமாரியைத் துடைத்தேன். துடைக்க இனி எதுவும் இல்லை என்றான பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் அந்த மருத்துவர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார். பிறகு ஸ்கேன். ஜெல்லின் குளிர்ச்சி மதுரையில் இருந்ததைப் போலவே இருந்தது. திரையை என் பக்கம் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் ஏதாவது இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு மதுரையிலேயே பழக்கம்.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. கட்டி கிட்டி எதுவும் கிடையாது. கர்ப்பப்பை உள்வரி மெலிஞ்சிருக்கு, சினைப்பை சுருங்க ஆரம்பிச்சிருக்கு. மாதவிடாய் நிக்கிற காலந்தான். இன்னும் ஒண்ணு ரெண்டு தடவ வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருசம் முழுசா வராம இருந்து, அதுக்கப்புறம் பட்டா மட்டும் உடனே வந்து காட்டணும். எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான்."

"குமட்டல் இருந்துச்சே டாக்டர்?"

"இந்த நேரத்துல அதுவும் இருக்கும்."

"சூடு?"

"அது இதுக்குத்தான்மா."

நான் சேர்த்துவைத்த ஒவ்வொன்றையும் எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் வேறு காரணம் இருந்தது. பொறுமையாகத்தான் சொன்னார்.

பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் அந்தச் சாத்தூர்ப் பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். விக்டோரியா டீச்சர் வெளியே இரண்டு பேருக்கும் டீ வாங்கிவைத்துக்கொண்டு நின்றார். பேருந்தில் கயத்தாறு தாண்டினோம். பிறகு, "எனக்கு நின்னப்ப ஒரு பாடு தீந்துதுன்னுதான் இருந்துச்சு. ஒனக்கு அப்படி இருக்காதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாத்தியா" என்றார்.

இப்போது எனக்கு எதுவும் விலக்கில்லை. மேல் தட்டிலிருந்து ஆளிவிதை டப்பாவை எடுத்தேன். மோரில் போட்டுக் குடித்தேன். மதினி நேற்று கொடுத்தனுப்பிய பப்பாளி ஒன்று பழுத்துக் கிடந்தது, அதையும் நறுக்கிச் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. ஓடலாம், குதிக்கலாம், தண்ணீர்க் கேனைத் தூக்கலாம்.

யாராவது இறந்துபோனால் ஊர் கூடி அழும். பதினாறு நாள் துக்கம் காக்கும். இதற்கு நான் யாரிடம் போய் அழுவது? என்ன சொல்லி அழுவது?

ஆகஸ்ட் 20, புதன்

சித்த மருத்துவரிடம் தனியாகப் போனேன். திருநெல்வேலிச் சீட்டுகளைக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அந்த டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்."

கதவருகே போய், வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும் வரை அவர் மேசையில் இருந்த பொடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு போன தடவை அடித்த மருந்துகளையே மறுபடி எழுதினார். "இது நின்னுபோனதைத் திரும்பக் கொண்டுவராதுங்க. அதுக்குன்னு யாராவது எதையாவது வித்தா வாங்காதீங்க. வேர்வை, தூக்கமின்மை கொஞ்சம் குறையலாம். எலும்புக்கு எள்ளும் கீரையும் நடையும் துணை. மனசு ரொம்பத் தாங்கலைன்னா அதுக்கும் டாக்டர் இருக்காங்க, நானே அனுப்பறேன்." கடைசியில் கேட்டார், "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"எத?"

"ரெண்டையும்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதினிக்கு மட்டும் சொன்னேன், நின்றுவிட்டது என்று. அவருக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு. இனி தீட்டும் இல்ல, தொடக்கும் இல்ல. நெனச்ச நேரம் கோயிலுக்குப் போலாம், விளக்குப் பூசைல மொத வரிசைல உக்காரலாம். விட்டுது சனியன்னு தல முழுகு."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என் கையைப் பார்த்தார். மிச்சமிருந்த ஒற்றை வளையலைப் பார்த்தார். ஆடிப்பூரத்தன்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து கறிவேப்பிலை வாசம் வந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பாதி வெடித்துவிட்டது. சாப்பிட்டு முடித்து இவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"எனக்கு நின்னு போச்சுங்க. தின்னவேலில போய்ப் பாத்தேன்."

வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "டாக்டரு சொல்லிட்டாங்களா?"

"ம்."

"வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களா?"

"வேற நோயெல்லாம் ஒண்ணும் இல்லையாம்."

"நான் நோயக் கேக்கல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். இன்று எல்லாக் கடையும் விடுமுறை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் நடந்துவிட்டு வந்தபோது வீடு முழுக்க வறுத்த உளுந்து வாசம். அடுப்படியில் இவர் பனியனோடு நின்றார். மேடையெல்லாம் மாவு. அக்கா வீட்டுக்குப் போய்ப் பக்குவம் கேட்டு வந்தாராம். உளுந்தங்களி.

"பெரிய மனுசியான பிள்ளைக்குக் கொடுக்கதுல்லா இது?" என்றேன்.

"பிள்ளை பெத்தவளுக்குந்தான் கொடுப்பாங்க. இந்த வயசுக்கும் நல்லதாம், அக்கா சொன்னா. இடுப்புக்கு." கருப்பட்டிப் பாகை ஊற்றிவிட்டு மரக்கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினார். "நீ உக்காரு. கைவிடாமக் கிண்டணுமாம்."

நான் உட்காரவில்லை. நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து அவர் பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். களி இறுக இறுக அவர் தோள் ஏறி இறங்கியது.

சட்டியைப் பார்த்தபடியே பேசினார். "நானும் நாள எண்ணிட்டுதான் இருந்தேன் ஒலகு. நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். கேட்டாக் கலஞ்சிருமோன்னு நானும் கேக்கல."

எண்ணெய்ப் பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டேன்.

"மதுரையில போதும்னு சொன்னது ஒனக்காகத்தான். எனக்குப் போதும்னு ஆகல. ஒரு நாளும் ஆகல." முழங்கையால் கண்ணைத் துடைத்தார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, புகை என்று சொல்ல வழியில்லை. "பேரு கூட வச்சிருந்தேன்."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இதைக் கேட்டதில்லை.

"என்ன பேரு?"

கொஞ்ச நேரம் கிண்டினார். பிறகு சொன்னார். பெண் பிள்ளைப் பெயர். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பெயர். சின்னப் பெயர், கூப்பிட எளிதாக இருக்கும்.

அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவர் அந்தப் பெயரை ஒரு தடவைதான் சொன்னார். நான் கூடத்துப் பக்கம் திரும்பி, உள்ளே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்வதுபோல, சத்தமாக ஒரு தடவை கூப்பிட்டேன்.

அவர் கரண்டி நின்றுவிட்டது. தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். களி அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் இரண்டு பேரும் அசைந்தோம்.